சத்தம் போடாத பொம்மைகள்

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை, பிற்பகல் 1.40. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. சிதம்பரத்தில் என் மகள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் கூடத்தில், மூன்று ஜன்னல்களையும் பால்கனிக் கதவையும் சாத்திவிட்டு, பழைய வேட்டித் துணியில் இரண்டு சிறு பைகள் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு பூனைகள். ஒன்று செம்பட்டை, மற்றது கறுப்பு. இரண்டும் ஊசி போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தன.

மகளுக்குச் சென்னையில் அலுவலகப் பயிற்சி, பதினாறு நாள். அன்று ஏழாவது நாள். திருப்பாதிரிப்புலியூரில் என் வீடு. அங்கிருந்து தினமும் வந்து தீனி வைத்துவிட்டுப் போகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவன், கணக்குப் போட்டுப் பார்த்தால் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கேயே தங்கினேன்.

தீனி வைப்பது பெரிய வேலையில்லை. வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் வைப்பதுதான் வேலை. அவர்கள் கீழ்வீட்டிலேயே இருக்கிறார்கள். வளர்ப்புப் பிராணி கூடாது என்பது குடிவந்த அன்றே சொன்ன நிபந்தனை. விவாகரத்தாகித் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் வீடு தர யோசிக்கிறார்கள். என் மகள் பதினான்கு வீடு பார்த்தாள். பதினைந்தாவது இது. மழையில் நனைந்து கிடந்த இரண்டு குட்டிகளை எட்டு மாதம் முன்பு அலுவலகப் பையில் வைத்துத் தூக்கி வந்துவிட்டாள். தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். பதினாறாவது வீட்டை எங்கே தேடுவது?

எனவே ஜன்னல் திறக்கக் கூடாது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. காலையில் பால் வாங்க முப்பத்தைந்து நிமிடம் எனக்கு விடுதலை. மீதி நேரமெல்லாம் மின்விசிறிச் சூட்டுக்காற்றும் பூனை மணல் நாற்றமும்தான்.

பூனைகள் காலையெல்லாம் தூங்கும். மதியம் இரண்டு மணி ஆனதும் ஓட ஆரம்பிக்கும். சமையலறையிலிருந்து கூடத்து மூலைவரை இருபத்திரண்டு அடி. ஒரு தடவைக்கு முப்பது, நாற்பது ஓட்டம். கீழே அந்த நேரத்தில்தான் வீட்டுக்கார அம்மா கண்ணயர்வார்.

மூன்றாம் நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"மேல என்னா சார் மத்தியானத்துல தடதடன்னு?"

"நடக்கிறேம்மா. டாக்டர் வீட்டுக்குள்ளயே நடக்கச் சொல்லியிருக்காரு."

"ஓடற மாதிரி இல்ல கேக்குது?"

"வேகமா நடக்கச் சொல்லியிருக்காரு."

"இந்த வயசுல அவ்ளோ வேகம் ஜாஸ்தி சார். பாத்து."

அன்று மாலையே பொம்மை செய்ய ஆரம்பித்தேன். ஓடாமல் ஒரே இடத்தில் விளையாட வேண்டும், சத்தமும் வரக் கூடாது. பந்து உருளும், வேண்டாம். மூடி, டப்பா எதுவும் வேண்டாம். காலுறைக்குள் பஞ்சை அடைத்து முடிச்சுப் போட்டேன், நான்கு நிமிடம் விளையாடின. அட்டைப்பெட்டியில் ஓட்டைகள் போட்டு உள்ளே துண்டின் குஞ்சத்தைத் தொங்கவிட்டேன், பதினொரு நிமிடம். ஈர்க்குச்சி முனையில் ரவிக்கைத் துணிக் கிழிசலைக் கட்டி ஆட்டியது இருபத்திரண்டு நிமிடம் போனது. ஆனால் நான் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தோள்பட்டை விட்டுப்போனது. நான் நிறுத்தியதும் கறுப்பு என் முழங்கையைத் தட்டித் தட்டி எழுப்பும். நான்கு நாளில் பதினேழு பொம்மைகள். ஒன்றைக்கூட மறுநாள் அவை திரும்பிப் பார்க்கவில்லை.

தினமும் காலை எட்டேகாலுக்கு மகள் பேசுவாள்.

"ஜன்னல் சாத்தியிருக்கா?"

"மூணும் சாத்தியிருக்கு."

"நீங்க எப்படி இருக்கீங்கப்பா?"

"என்னையும் சேத்துத்தான் சாத்தி வச்சிருக்கே."

"இன்னும் பத்து நாள்ப்பா. அப்புறம் மறந்துடாதீங்க, சனிக்கிழம அவுங்க பெருமாளுக்குத் தளிகை போடுவாங்க. ரெண்டு மணிக்கு நீங்களே கீழ போய்ப் பிரசாதம் வாங்கிட்டு வந்துடுங்க. இல்லன்னா அந்தம்மா மேல வந்துடும்."

புரட்டாசி மூன்றாம் சனி, இரண்டு மணி. நாட்காட்டித் தாளில் குறித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பால் வாங்கப் போனவன் நாட்டு மருந்துக் கடையில் எனக்கு மூட்டுவலித் தைலம் கேட்டேன். பேச்சுவாக்கில் பூனை விஷயம் வாயில் வந்துவிட்டது. யாருடைய பூனை என்று சொல்லவில்லை. கடைக்காரர் சிரித்தார்.

"குப்பைமேனி வேரைப் போடுங்க சார். பூனைவணங்கின்னே அதுக்குப் பேரு. மோந்து பாத்துச்சுன்னா சொக்கிப்போயி உருளும்."

"எவ்வளவு?"

"அதுக்குக் காசா? பச்சையா இருக்கணும். காலி மனைல பிடுங்கிக்குங்க."

சொறிக்கு மஞ்சளோடு அரைத்துப் பூசும் செடி என்றுதான் எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை, பக்கத்துக் காலி மனையில் ஆறு செடி பிடுங்கினேன். வேரைக் கழுவி, விரல்கணு அளவுக்கு வெட்டினேன். இருபத்துநான்கு துண்டு. ஆளுக்குப் பன்னிரண்டு. சண்டை வரக் கூடாது என்று பைகளையும் ஒரே அளவில் வெட்டினேன்.

கடைசித் தையல் முடிந்தபோது மணி பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் பேருந்து வந்ததையும் போனதையும் நிமிடக் கணக்கில் எழுதியவன், அன்று நூலைப் பல்லால் கடித்தேனே தவிர கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பைகளை ஆளுக்கொன்றாக வைத்தேன். செம்பட்டை மோந்தது. கன்னத்தைத் தேய்த்தது. பிறகு நாலு காலும் மேலே போக மல்லாந்து, பையைக் கட்டிப்பிடித்து உருண்டது. சத்தமே இல்லை. ஏழு நாளில் முதல்தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. கறுப்பு தன் பையை விட்டுவிட்டுச் செம்பட்டையின் பையின்மேல் பாய்ந்தது. இரண்டும் ஒரே பைக்கு உறுமின. இன்னொரு பையைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராக நீட்டினேன், அதிலும் பன்னிரண்டு துண்டுதான் என்று வாய்விட்டே சொன்னேன். மதிக்கவில்லை. கட்டிப்புரண்டு சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குடத்தில் மோதின. குடம் விழுந்து, கூடம்வரை உருண்டு வந்தது.

கதவு தட்டப்பட்டது. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். 2.20.

"சார், பிரசாதம்!"

கறுப்பைப் பிடித்துக் குளியலறையில் போட்டுத் தாழிட்டேன். செம்பட்டை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"அங்கயே வச்சிட்டுப் போங்கம்மா, எடுத்துக்கிறேன்."

"பெருமாள் பிரசாதத்தைத் தரையில வைக்கவா? என்னா சார் நீங்க?"

சங்கிலியைப் போட்டபடி நான்கு விரல்கடை கதவைத் திறந்தேன். வெளியே எவர்சில்வர் தட்டு. வாழையிலைமேல் புளியோதரை, சுண்டல், வடை.

"தட்டு நுழையல சார். எதோ விழுந்துச்சே, நீங்க விழுந்தீங்களோன்னு பயந்துட்டேன். தொறங்க."

திறந்தேன். என் கால்களுக்கு நடுவே செம்பட்டை வெளியே வந்தது, வாயில் பையோடு. அந்தம்மாவின் காலடியில் அதைப் போட்டு, மல்லாந்து உருள ஆரம்பித்தது.

அவர் தட்டை இறக்கவில்லை. பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தினி இருக்குது?"

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். மற்றது தாழுக்குள் இருந்தது, சத்தமும் இல்லை. ஆனால் எண்ணிக்கை கேட்டால் எனக்குத் தப்பாகச் சொல்ல வராது.

"ரெண்டு."

"எத்தினி நாளா?"

"எட்டு மாசம்."

"உங்க பொண்ணு மறைச்சது இருக்கட்டும். வாடகை வூடு, பயந்திருக்கும். நீங்க பெரிய மனுஷன், டாக்டரு வேகமா நடக்கச் சொன்னாருன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களே." தட்டை என் கையில் கொடுத்தார். "சாப்புடுங்க. எங்க வூட்டுக்காரரு வந்ததும் பேசிக்கலாம்."

சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் கணவர் மேலே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். பதினான்கு வீட்டுக் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பொண்ணு இருக்கட்டும் சார். அதும்மேல எங்களுக்கு ஒரு குறையுமில்ல. பூனைங்க நாளைக்குப் போயிடணும்."

"நாளைக்கா?"

"நாளைக்கி."

இரவு மகளிடம் போனில் சொன்னேன்.

"எங்க கொண்டு விடுவீங்க?"

"விடறதா? நம்ம வூட்டுக்குத்தான்."

"அங்க ரயில் ரோடு இருக்கு, தெருநாய் இருக்கு. அதுங்களுக்கு வெளிய இருந்து பழக்கமில்லப்பா."

"வெளிய விடல. போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கூடைகளில் அவற்றைக் காரில் கொண்டு வந்தேன். என் வீட்டு முற்றம் வானம் பார்த்தது. பூனை ஒரே தாவில் ஓட்டில் ஏறிவிடும். முற்றத்துக்கும் நான்கு ஜன்னல்களுக்கும் வலையடிக்க ஆள் வந்தார். வாசலுக்கு இரண்டாவது கதவு, அதுவும் வலைக்கதவு. ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நான் மாலையில் போய்வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. மத்தியான ஓட்டம் இங்கே அந்த நேரத்துக்கு மாறிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கம்பி வலையின் கட்டம்கட்டமான நிழல் முற்றத்தில் விழுகிறது. அதில் இரண்டும் படுத்திருக்கின்றன, நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுபத்திரண்டு. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்து வருடம்கூட இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். இவற்றின் வயதைக் கழித்துப் பார்த்தேன். இன்னும் பதினான்கு.

மகள் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

ஊசி நூல் முப்பது, கூடைகள் அறுநூற்று நாற்பது, கார் ஆயிரத்து எண்ணூறு, வலையும் கூலியும் பதினோராயிரத்து முந்நூற்றைம்பது, வலைக்கதவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மொத்தம் பதினாறாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.