ஈஸ்டருக்குப் பிறகும் தவசுகாலம்

விபூதிப் புதன் வந்துவிட்டால் எங்கள் சாந்தோம் குப்பத்துக் கள்ளுக்கடைக்காரன் மாமனார் ஊருக்குப் புறப்பட்டுவிடுவான். ஈஸ்டர்வரை நாற்பது நாள் தவசுகாலம் முடியும்வரை அவனுக்கு வியாபாரம் இராது. குருவானவர் நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் குப்பத்து ஆண்கள் எல்லோரும் குடியை நிறுத்திவிடுவார்கள். சண்டைக்காரர்கள் சாதுவாகிவிடுவார்கள். பெண்கள் கொஞ்சம் உரக்கப் பேச ஆரம்பிப்பார்கள். பிறகு ஈஸ்டர் வரும். பூசை முடிந்து கோயில் மணி ஓய்வதற்குள் கடை திறந்திருக்கும். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாட வேண்டாமா?

இந்த வழக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவர் இன்னாசி ஒருவர்தான் என்று குப்பத்தில் சொன்னார்கள்.

கட்டுமரக்காரர். அகன்ற தோள், உப்பு அரித்த இமைகள், வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அது குடிக்காத இன்னாசி. குடித்த இன்னாசிக்கு வார்த்தைப் பஞ்சமில்லை. தெரு முனையில் அவர் குரல் கேட்டால், எதிரே வருகிறவர்கள் வேறு சந்தில் புகுந்துவிடுவார்கள்.

கதர்ச் சட்டைக்காரர்கள் கள்ளுக்கடைகளின் முன்னால் கைகூப்பி நின்று மறியல் செய்துகொண்டிருந்த வருஷம் அது. அந்த ஈஸ்டர் காலையில் இன்னாசியும் எல்லோரையும்போல் பூசையிலிருந்து நேராகக் கடைக்குத்தான் நடந்தார். வாசலில் நின்றார். உள்ளேயிருந்து புளித்த வாசனை வந்தது. என்ன நினைத்தாரோ, திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

"இன்னா மாமா, மறியல்காரன் எதுனா காதுல ஓதிட்டானா?" என்று பின்னாலிருந்து கத்தினான் அவர் மனைவியின் தம்பி பாக்கியநாதன். "ஆண்டவரே கல்லறைய வுட்டு எழுந்து வந்துட்டாரு. நீ இன்னும் உள்ளயே படுத்துக்கினு கீறியே!"

கடையே சிரித்தது. இன்னாசியும் சிரித்துவிட்டார். "இன்னும் கொஞ்ச நாளு பாக்கறேன்டா" என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் அடுத்த விபூதிப் புதன்வரை ஓடிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் அவர் பாவங்களோடு இதையும் கேட்ட குருவானவர் மகிழ்ந்துபோய், சாகும்வரை தொடுவதில்லை என்று பீடத்தின் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னாராம். இன்னாசி பயந்துபோனார். "அவ்ளோ பெருசா வாணாம் சாமி. இன்னிக்கு மட்டும் கேட்டுக்கறேன். செபத்துல அப்பத்தையே அன்னன்னிக்குத்தான கேக்கச் சொல்லிக்கீது?"

பேச்சில் அது சுலபமாக இருந்தது. ஆனால் மீனவனின் ஒரு நாள் நீளமானது. விடிகாலைக் கடலில் நனைந்து, விறைத்த கையோடு கரையேறும்போது உடம்பே கேட்கும். கட்டுமரக்காரர்களின் பேச்செல்லாம் கடையில்தான் நடக்கும். எந்தப் பக்கம் மீன் ஓடுகிறது, யார் வலை கிழிந்தது, யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம். அங்கே போகாதவனுக்கு இது எதுவும் தெரியாது. அவனைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போகும் நேர்வழியில் கடை இருந்ததால் இன்னாசி கோயிலைச் சுற்றிக்கொண்டு போனார். பொழுது சாயும் நேரத்தில்தான் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் இழுக்கும். அப்போது மயிலாப்பூர் போகிற சாலையில் காதர் பாயின் சோடாக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்.

"எங்களுக்கு இது ஆகாதுன்னு எழுதியே வெச்சுக்கீது. குடிக்காம கீறோம்" என்பார் காதர், சோடாக் கோலியை விரலால் அமுக்கிக்கொண்டே. "உங்க கோயில்லதான் திராட்ச ரசம் குடுக்கறாங்களே. உனக்கு ஏன்யா இந்தத் தலையெழுத்து?"

"அத சாமியார் குடிக்கறாரு பாய். ஒரு வாய் குடிச்சிட்டு கிண்ணத்தத் தொடச்சி வெச்சிடறாரு. எனக்கு வெக்கத் தெரியாது."

இந்த நிலையில்தான் மகள் பிலோமிக்குச் சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை கோவளத்துப் பையன், சவேரியான். தேர்த் திருவிழாவில் இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டார்கள். பையனைப் பற்றிக் கேட்டபோது பிலோமி மீன் கழுவப் போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு மீன் கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டுவதற்குப் பதில் குடிதண்ணீர்ப் பானையில் கொட்டினாள். அம்மா மதலேனாளுக்கு அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. வெற்றிலை மாற்ற ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள்.

சிக்கல் வெற்றிலையில் இல்லை. அதற்கு முன்னால் வருகிற கிளாசில் இருந்தது. எங்கள் கரையில் பெண்ணின் அப்பா ஒரு கிளாஸ் சாராயத்தை எடுத்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அதே கிளாசைப் பையனின் அப்பாவிடம் நீட்ட வேண்டும். அவர் மீதியைக் குடிப்பார். அப்புறம்தான் தட்டு மாறும். பெண்ணின் அப்பா குடிக்காமல் கிளாசை நீட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண் கொடுக்க மனமில்லை. வாயால் இல்லை என்று சொல்லி மனத்தைப் புண்படுத்தாமலிருக்க யாரோ பழைய ஆட்கள் கண்டுபிடித்த வழி. அப்படி நின்றுபோன கல்யாணங்கள் உண்டு.

முதல் நாள் பாக்கியநாதன் வந்து பக்கத்தில் குந்தினான். இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை.

"மாமா, ஒதட்டுல வெச்சி எடுத்துடு. முழுங்காத. எவன் உன் தொண்டையப் பாக்கப் போறான்?"

இன்னாசி வலைக்கண்ணை முடிந்துகொண்டிருந்தார்.

"கானாவூர் கல்யாணத்துல ஆண்டவரே தண்ணியை ரசமா மாத்திக் குடுத்தாரு. பாவம்னா குடுப்பாரா?"

"அந்தக் கல்யாணத்துக்கு என்னியும் கூப்ட்டிருந்தா, தண்ணியாவே வுட்டிருப்பாருடா."

பாக்கியநாதன் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டான். "வெளையாடாத மாமா. பொண்ணு வாழ்க்க. ஒரு சொட்டுக்கோசரம் கெடுத்துடாத."

அதுதான் இன்னாசியைக் குடைந்தது. தன் விஷயமானால் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இது மகளுக்காக. நல்ல காரியத்துக்காக. இத்தனை நாளில் கடையின் வாசனையும், கடலின் குளிரும், கூட்டாளிகளின் கேலியும் கேட்டுப் பார்த்தன. இவ்வளவு யோக்கியமான முகத்தோடு எதுவும் வந்து கேட்டதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோவளத்தார் வந்தார்கள். பாய்மரத் துணி கட்டிய பந்தலில் பாய் விரித்திருந்தது. பையனின் அப்பா சந்தியாகு வெள்ளைத் துண்டும் பெரிய மீசையுமாக நடுவில் உட்கார்ந்தார். அவர் மனைவி ஆரோக்கியமேரி பெண்களோடு வாசற்படியருகே இருந்தாள். பிலோமி உள்ளே கதவுக்குப் பின்னால்.

பாக்கியநாதன் கிளாசை நிரப்பி மாமன் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது கண்ணால் கெஞ்சினான்.

இன்னாசி கிளாசைப் பிடித்துக்கொண்டிருந்தார். விளிம்புவரை நிறைந்திருந்தது தளும்பி, ஒரு சொட்டு விரலில் வழிந்தது. மூக்குக்கு எட்டும் தூரம்தான். அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, வாயருகே கொண்டுபோகாமல், கிளாசை அப்படியே சந்தியாகுவிடம் நீட்டினார்.

பந்தலில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

சந்தியாகு கையை நீட்டவில்லை. "இன்னா சம்மந்தி," என்றார் மெதுவாக, "பொண்ணு குடுக்க இஷ்டமில்லியா? மின்னாடியே சொல்லியிருந்தா இம்மாந் தூரம் வந்திருக்க மாட்டோமே."

"இஷ்டம்தான். நான் குடிக்கறதில்ல. அதான்."

"குடிக்காத கட்டுமரக்காரனா?" என்றது கோவளத்தார் பக்கத்திலிருந்து ஒரு குரல். "மீனு நீந்தறதில்லன்னு சொல்லேன்!"

"சாந்தோமுல மாதா கோயில் பெருசு. இவுங்களும் பெரிய ஆளுங்க" என்று இன்னொருவர் துண்டை உதறினார். சந்தியாகு எழுந்துவிட்டார். கோபத்தைவிட அவமானம்தான் அவர் முகத்தில் தெரிந்தது. "எங்க வாய் பட்ற கிளாசு ஒனக்கு அசிங்கமாப் பூட்ச்சா?"

"ஐயோ, இல்ல சம்மந்தி." இன்னாசியும் எழுந்தார். நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாத மனிதர், இவ்வளவு பேருக்கு முன்னால். "நான் ஒசத்தின்னு குடிக்காம இல்ல. எனக்கு ஒரு வாயோட நிறுத்தத் தெரியாது. இது ஒதட்டுல பட்டா, சாயங்காலம் நான் கடையில கெடப்பேன். நாளைக்கு உங்க வூட்டு வாசல்ல வந்து உங்களையே அசிங்கமாத் திட்டுவேன். இந்தக் குப்பத்த கேட்டுப் பாருங்க. பொண்ண மனசாரக் குடுக்கறேன். அதுக்கோசரந்தான் குடிக்கல."

இதைச் சொல்லி முடித்தபோது அவர் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. குப்பத்தார் யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க முடியாது; எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆரோக்கியமேரி எழுந்து கதவருகே போனாள். "ஏம்மா பிலோமி, உங்க நைனா தெருவுல வர்ற சத்தம் கேட்டா நீ இன்னா பண்ணுவே?"

பிலோமி உள்ளேயிருந்தே, "கதவத் தொறந்து வெப்பேன்" என்றாள்.

"மின்னாடி?"

"மின்னாடில்லாம் சாத்துவேன்."

ஆரோக்கியமேரி தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர்கள் வீட்டுக் கதவும் இருந்திருக்க வேண்டும். சந்தியாகு மீசையைத் தடவிக்கொண்டார். "உன் மருமகளா வர்ற பொண்ணு, கதவு சாத்தற பழக்கத்த மறந்துட்டு வரட்டும். குந்து" என்றாள் ஆரோக்கியமேரி, மரியாதையை மறந்து.

"அப்ப கிளாசு?" என்றார் சந்தியாகு.

"கல்யாணம் உன் புள்ளைக்கா, கிளாசுக்கா?"

முதலில் சிரித்தவர்கள் கோவளத்தார்தான். சந்தியாகு கொஞ்சம் முறைத்தார், உட்கார்ந்தார், கிளாசை வாங்கிக்கொண்டார். "கொட்டறதுக்கு இன்னா பஞ்சமா? ரெண்டு பேரு பங்கும் நானே குடிச்சிடறேன்" என்று ஒரே மூச்சில் முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டு மாறியது. பெண்கள் குரவையிட்டார்கள்.

சாப்பாட்டுச் சந்தடியில் இன்னாசியைக் காணவில்லை. கரையேற்றியிருந்த கட்டுமரங்களுக்கு அருகே உட்கார்ந்து, சாராயம் வழிந்த விரலை மணலும் கடல் தண்ணீருமாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்துவிட்டது. வாசனை போய்விட்டதா, மனத்தில் இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை.

சந்தியாகு கைகால் தளர்ந்த நடையில் அவரைத் தேடி வந்தார். தெற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. முதலில் தெற்குப் பக்கம்தான் உட்காரப் போனார். குனிந்தவர் நின்றார். கடல்காரர்; காற்று எங்கிருந்து எங்கே போகிறதென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, இன்னாசியைச் சுற்றிக்கொண்டு போய், வடக்குப் பக்கமாகத் தன் வாடை அவர்மேல் அடிக்காத இடத்தில் உட்கார்ந்தார்.

"அடுத்த ஞாயிறே கோயில்ல கல்யாண ஓலை படிக்கச் சொல்லிடலாமா, சம்மந்தி?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"சொல்லிடலாம்" என்றார் இன்னாசி.