இறக்கத்தில் தள்ளும் பாரம்

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளார்க்காக இருந்த காலம். கொழுந்து மூட்டை ஏற்றும் டிரெய்லரை இழுக்க ஒரு பிக்கப் வாங்க வேண்டும். இழுவைக் கொக்கி கம்பெனியிலேயே பொருத்தி வரும் இரண்டு வண்டிகளின் விளம்பரத் தாள்களைத் தோட்ட நிர்வாகியான துரை என்னிடம் கொடுத்து, ஒப்பிட்டு எழுதச் சொன்னார். அதிகப் பாரம் இழுப்பதே மேல் என்று டைப் அடித்துவிட்டுத் தோட்டத்து டிரைவரிடம் காட்டினேன்.

ஒல்லியான மனிதர். காதில் செருகிய பீடியை அவர் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. வண்டியை எங்கே நிறுத்தினாலும் பின்னால் போய்க் கொக்கியை ஒருமுறை உலுக்கிப் பார்ப்பார்.

"மேட்டுல ரெண்டும் இழுக்குங்கய்யா. எறக்கத்துல டிரெய்லர்தான் நம்மள தள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக்கு எதுல குடுக்குறாங்க?"

தாளைப் பார்த்தேன். மற்ற வண்டியில்தான் இருந்தது.

"கொழுந்து மூட்டைதானே?" என்றேன்.

"அந்திக்கு மூட்டை மேல பொம்பளையாளுங்க ஏறி வாறாங்க. ஆபிசுல இருந்தா தெரியாதுங்க."

மறுபடி டைப் அடிக்கச் சோம்பி அப்படியே அனுப்பினேன். துரையும் நான் எழுதியதையே வாங்கினார்.

அந்த வண்டி வந்த நாள் முதல், டிரைவர் இறக்கம் தொடங்குமிடத்தில் நிறுத்திப் பெண்களை இறங்கி நடக்கச் சொன்னார். அவர்கள் தினமும் அவரைத் திட்டினார்கள். கொக்கியை உலுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாளாவது என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.