கூடையைக் கழித்த எடை

எங்கள் கிளினிக்கில் அவருக்குப் பெயர் 'கழிச்சாச்சா அண்ணன்'. யாராவது பூனையைக் கூடையோடு தூக்கிவந்து தராசில் வைத்தால் போதும், எந்த அறையில் இருந்தாலும் அங்கிருந்தே குரல் வரும்: "கூடையைக் கழிச்சாச்சா?" கழித்துவிட்டோம் என்று சொன்னாலும் விடமாட்டார். கூடையைத் தனியாக வைத்துக் காட்டச் சொல்வார். டாக்டரம்மாவையே காட்டச் சொன்ன ஆள். முன்மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற எனக்குப் பதினோரு வருஷமாக இதே கேள்வி காதில் விழுந்து விழுந்து, கடையில் காய் வாங்கும்போதுகூடப் பையைக் கழித்தார்களா என்று கேட்கிற வியாதி ஒட்டிக்கொண்டது.

தராசுகள் இரண்டு. நாய்கள் ஏறுவதற்குத் தரையோடு தரையாகக் கிடக்கும் பெரியது ஒன்று. பூனை, குட்டிகளுக்கு மேசைமேல் சின்னது ஒன்று. இரண்டும் அவர் பொறுப்பு. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பெரிய தராசைத் தூக்கி அடியில் சேர்ந்த முடியைத் துடைப்பமும் துணியுமாக எடுப்பார். ஓரத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி வட்டத்துக்கு நடுவில் நிற்கிறதா என்று தரையில் கன்னம் படப் படுத்துப் பார்ப்பார். பிறகு பெட்டியைத் திறந்து எடைக்கற்களை எடுத்து, நாலு மூலையிலும் நடுவிலும் வைத்துச் சரிபார்ப்பார். கல்லை வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்டுத் துருப்பிடிக்குமாம். அதற்காக அண்ணி, அதாவது அவர் மனைவி, ஒவ்வொரு கல்லுக்கும் அளவெடுத்துத் துணி உறை தைத்துக் கொடுத்திருந்தாள். "எனக்கு ஒரு ரவிக்கை தைக்க நேரமில்லை, இவரு கல்லுக்கெல்லாம் சட்டை!" என்று சிரிப்பாள்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பூனைக்கு ஆபரேஷன். எடை பார்த்தது இவர்தான். கூட்டம், அவசரம். கூடையோடு வைத்து, வந்த எண்ணை அப்படியே கத்தினார். கூடை மட்டும் ஒன்றேகால் கிலோ. மயக்க ஊசி அந்த எடைக்குப் போடப்பட்டது. பூனை எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா மறைக்காமல் வெளியே போய், தப்பு எங்களுடையது என்று சொல்லி, அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றாள். இவர் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாவது நாள் வந்தவர் முதல் வேலையாகக் கிளினிக்கில் இருந்த எல்லாக் கூடைகளையும் எடைபோட்டு, அடியில் எடையைப் பெயிண்டால் எழுதினார். அன்று ஆரம்பித்ததுதான்.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது போன வருஷம். வீட்டில் அவர்கள் இரண்டே பேர். மருந்து ஏற்ற ஏற்ற உடம்பு கரைந்தது. எடை எவ்வளவோ அதற்குத் தக்கபடிதான் மருந்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டு நம்மாள் சும்மா இருப்பாரா? அங்கே தராசு சாய்ந்த தரையில் கிடக்கிறது, மேலே போட்ட விரிப்பு சுவரில் முட்டுகிறது என்று நர்ஸோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். வீட்டுத் தராசு பொம்மை, அதை நம்பமுடியாது. கடைசியில், சனிக்கிழமைதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணியை எங்கள் கிளினிக்குக்கு அழைத்துவந்து, நாய்கள் ஏறும் பெரிய தராசில் ஏற்ற ஆரம்பித்தார். வாராவாரம் அதே கம்பளிச் சட்டை, அதே சேலை, செருப்பு கழற்றியாக வேண்டும்.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்துனதுக்கு, நாய் வரிசையில நிக்க வெச்சுட்டாரு பாத்தியாடி," என்பாள் என்னிடம்.

நாற்பத்தாறில் ஆரம்பித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இறங்கிக்கொண்டே வந்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிடும். சின்ன நோட்டை எடுத்து எழுதுவார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போவார். நானும் சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கல்லோடு பேசினாலாவது எதிரொலி கேட்டிருக்கும்.

நாற்பத்தொன்று புள்ளி மூன்று என்று வந்த சனிக்கிழமை, அவர் கைகழுவப் போன நேரம் பார்த்து அண்ணி என் மேசையருகே வந்து குனிந்தாள்.

"எனக்கு இறங்குறது எனக்குத் தெரியுது. அவருக்கு இறங்குறதை யாருடி எடை பாக்குறா? பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காரு. அந்த ரெண்டு கிலோ கல்லை எனக்கு எடுத்துக் குடு."

"எதுக்கு அண்ணி?"

"பாவாடைக்குள்ள பை தைச்சுட்டேன். கம்பளிச் சட்டை மேல இருந்தா தெரியாது. ஒரு சனிக்கிழமையாவது அந்த மனுஷன் நிம்மதியா ஒரு வாய் சாப்பிடட்டும்."

"மருந்து அளவு தப்பாயிடாதா?"

"அங்க அவங்க தராசுல தனியா பாத்துக்குவாங்க. இவரு எழுதுறது இவரு மனசுக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமே ஒழிய, ஒருத்தர் கெஞ்சினால் தாங்கமாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு நாயைப் பிடிக்க உள்ளே போனபோது பெட்டியிலிருந்து கல்லைக் கிளப்பி என் இழுப்பறையில் போட்டேன். மறுநாள் சனிக்கிழமை அண்ணி கழிப்பறைக்குப் போய்ப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தராசில் ஏறினாள். நாற்பத்திரண்டு எட்டு.

அவர் எண்ணைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "ஏறியிருக்கே!" என்றார். முகமெல்லாம் பல். "ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கு! ஏம்மா, பாத்தியா?" அன்றைக்கு டப்பாவைத் திறந்து, அண்ணி எதிரிலேயே உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இப்படி ஏழு சனிக்கிழமை. கல்லைத் திரும்பப் பெட்டியில் வைக்கலாமென்றால் பெட்டி எப்போதும் அவர் கண்ணெதிரில். ஆனால் ஒரு துணி உறை காணாமல் போனாலே கிளினிக்கைத் தலைகீழாகப் புரட்டுகிற மனுஷன், இரண்டு கிலோ கல் எங்கே என்று ஒரு நாள்கூட யாரையும் கேட்கவில்லை. ஒரு கிலோ கல் இரண்டை ஒன்றாக வைத்துச் சின்னத் தராசைச் சரிபார்த்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். என் மண்டையில் அவ்வளவுதான் சரக்கு.

கல் இருந்தும் எண் மெல்ல இறங்கியது. ஏழாவது வாரம் நாற்பது மூன்று. எட்டாவது சனிக்கிழமை அண்ணியால் நிற்க முடியவில்லை. வண்டியிலிருந்தே அவர் தூக்கிக்கொண்டு வந்தார். கழிப்பறைக்குப் போக வழியில்லை. கல் என் இழுப்பறையில் கிடக்கிறது. அண்ணி என்னைப் பார்த்தாள், நான் கையைப் பிசைந்தேன்.

அடம்பிடிக்கிற நாயை எடைபோட எங்களுக்கு ஒரு வழி உண்டு. முதலில் ஆள் மட்டும் ஏறுவது, பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுவது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. அவர் அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக ஏறினார். ஐம்பத்தெட்டு நாலு. அண்ணி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தாறு இருந்தீங்களே," என்றாள். "வாராவாரம் என் எதிர்ல அவ்வளவு சாப்பிட்டீங்களே. எங்கங்க போச்சு எல்லாம்?"

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். தொண்ணூற்றாறு மூன்று. நான் மனசுக்குள் கழித்தேன்: முப்பத்தேழு ஒன்பது. அவர் நோட்டில் எழுதிவிட்டு, "நாப்பதும்மா. போன வாரத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை," என்றார். துக்கத்தில் கணக்குத் தடுமாறுகிறது, பாவம் என்று நினைத்தேன். அண்ணி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

பன்னிரண்டாம் நாள் அண்ணி போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அதே முடி, அதே துடைப்பம், அதே குமிழி. ஒரு நாள் டாக்டரம்மா ஆஸ்பத்திரியைப் பற்றி ஏதோ கேட்க, அவர் சொன்னார்: "என் தொல்லை தாங்காம அவங்க தராசையே விட்டுட்டாங்க டாக்டர். நீங்களே எழுதிட்டு வாங்கன்னுட்டாங்க. கடைசி வரைக்கும் என் நோட்டைப் பாத்துத்தான் மருந்து அளவு போட்டாங்க."

எழுதிக்கொண்டிருந்த சீட்டை நான் அப்படியே பாதியில் விட்டேன். அவர் நோட்டைப் பார்த்து என்றால், என் கல்லைச் சேர்த்து. இரண்டு கிலோ அதிகமாக. ஏழு வாரம். அந்தக் கூடைப் பூனை என் கண்முன் வந்து நின்றது. பூனையைக் கொன்ற மாதிரி அண்ணியை நான் கொன்றுவிட்டேனா? வீட்டுக்குப் போய்ச் சமைத்ததில் உப்புப் போட்டேனா இல்லையா தெரியாது. பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். நாலு நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பதிவேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சொன்னால் அவருக்கு.

ஐந்தாம் நாள் காலை, வேறு யாரும் வருவதற்கு முன்னால், கல்லை எடுத்துப்போய் அவர் எதிரில் வைத்தேன்.

"அண்ணே, என்னைச் செருப்பால அடிங்க," என்று ஆரம்பித்து, பாவாடைப் பை விஷயம் முதல் எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டினேன். "மருந்து கூடிப்போச்சா அண்ணே? என்னாலதான் போனாங்களா?"

 அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். முதல் கல் சனிக்கிழமையின் தேதி. அதற்கு நேரே, அவருடைய கோணாத எழுத்தில்:

'42.8. கூடை 2.0. எடை 40.8.'

அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், ஏழு வரியிலும் கூடை இரண்டு, கூடை இரண்டு, கூடை இரண்டு.

"அன்னிக்கு காலையிலதான் பெட்டியில கல்லு இல்லைன்னு பாத்தேன். மத்தியானம் ஒன்றரைக் கிலோ ஏறி வர்றா," என்றார். "கழிச்சுட்டேன்மா. நான் கழிக்காம இருப்பேனா?"

 அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் அண்ணே சும்மா இருந்தீங்க?"

"அவ்வளவு கனத்தை இடுப்புல கட்டிக்கிட்டு, நான் சாப்பிடணும்னு வந்து நிக்கிறா. பிடிச்சுட்டேன்னு எப்படிம்மா சொல்றது? சனிக்கிழமை அவ பாக்குறப்ப அள்ளி அள்ளிப் போட்டுக்குவேன். மத்த நாள்ல சோறு இறங்கலை. அவளை ஏமாத்திட்டேன்னுதான் நினைச்சேன். கடைசி வாரம் என் எடையை அவ பாத்துட்டா. அது ஒண்ணை மட்டும் மறைக்கத் தெரியலை எனக்கு."

நோட்டின் கடைசி வரியைப் பார்த்தேன். '96.3. கூடை (நான்) 58.4. எடை 37.9.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லைத் துணியால் பிடித்துச் சின்னத் தராசில் வைத்தார். சரியாக இரண்டு காட்டியது. உறையில் போட்டுப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்து மூடினார்.

அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். சனிக்கிழமைதோறும் மத்தியானம் அவரைப் பெரிய தராசில் ஏற்றுகிறேன். மாட்டேன் என்பார். "அண்ணி விட்டுட்டுப் போன வேலை இது, ஏறுங்க," என்று அதட்டினால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். போன வாரம் ஐம்பத்தேழு ஆறு. இந்த வாரம் ஐம்பத்தெட்டு. பெட்டியைத் திறந்து, எல்லாக் கல்லும் உள்ளே இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.