நடு வகிடு

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் அந்த வருஷத்துப் பெரிய கவலை அப்பாவின் நரைதான். அப்பா கப்பல் கம்பெனியொன்றில் கிளாக்கர். புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்கு வயதானவர்களைப் பிடிக்காது, நரைத்த தலைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று கம்பெனிக் கந்தோரில் கதை.

அம்மாவுக்குத் தெரியாத கைவைத்தியம் கிடையாது, பலித்ததுதான் கிடையாது. மருதோன்றியை அரைத்து, தேயிலைச் சாயத்தில் கரைத்து, இரும்புச் சட்டியில் ஊறவைத்து அப்பாவின் தலையில் பூசினார். கழுவிப் பார்த்தால் தலை தேங்காய்த் தும்பு நிறம். காதுகளும்தான். நான் சிரித்ததற்கு எனக்கு ஒரு குட்டு விழுந்தது.

பெரியம்மாவும் சிரித்தார், அவரை யார் குட்டுவது? அப்பாவின் அண்ணன் மனைவி அவர். நான் பிறக்க முன்பே பெரியப்பா படகு கவிழ்ந்து கடலோடு போய்விட்டார். உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காதவரைச் செத்தவர் என்று எப்படிச் சொல்வது என்று பெரியம்மா பொட்டை அழிக்கவேயில்லை. பின்னேரங்களில் பெரியப்பாவுக்கும் ஒரு தட்டு வைப்பார். மற்றப்படி தெளிவான மனுஷி. என் சடையை அவரைப்போல யாரும் பின்னமாட்டார்கள்.

கந்தோரில் எல்லோரும் சிரித்ததும் அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. சனிக்கிழமை கோட்டையிலிருந்த பெரிய சலூனுக்குப் போனார். சீமையிலிருந்து வந்த போத்தல் சாயம். காதில் ஒரு பொட்டுக் கறை இல்லை; பத்து வயது குறைந்துவிட்டது. சலூன்காரர் கேட்காமலே பக்க வகிட்டை நடு வகிடாகவும் மாற்றிவிட்டிருந்தார்.

அப்பா வந்தபோது வீட்டில் இன்னும் விளக்கேற்றவில்லை. நான் சுவரிலிருந்த பெரியப்பாவின் படத்தைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே முகம், ஒரே நடு வகிடு. சத்தியமாகப் பேய்தான் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பெரியம்மா குசினி அடுப்படியிலிருந்து வந்தார். அலறவில்லை, அழவில்லை. அப்பாவின் கோட்டுக் கையைத் தொட்டுத் தடவினார்.

"ஈரமெல்லாம் காய்ஞ்சிட்டுது. சாப்பிட வாங்கோ."

நான் தம்பி, அண்ணி என்று அப்பா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பெரியப்பாவுக்கு வைத்த தட்டிலேயே அப்பா சாப்பிட்டார்.

அதன்பிறகு பெரியம்மா பூ வைத்துக்கொண்டார். வாசல் படலையில் அப்பா வரக் காத்து நின்றார். ஒருநாள் அப்பா எதிரிலேயே சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, உன்ர அப்பா ஏன் இன்னும் வரேல்லை என்று என்னைக் கேட்டார். அப்பா நிமிரவில்லை. என் அப்பா உண்மையிலேயே வரவில்லையோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆறாம் நாள் பெரியம்மா அப்பாவின் தலையணையைத் தன் அறைக்குள் கொண்டுபோனார். அதுவரை பொறுத்திருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்.

"நாளைக்கே மொட்டை அடிச்சுக்கொண்டு வாங்கோ. வேலை போனால் போகட்டும்."

மறுநாள் அப்பா மொட்டைத் தலையோடு வந்தார். பிள்ளையில்லாதவர் செத்தால் தம்பிதான் மொட்டையடித்துக் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அம்மா அதை யோசிக்கவில்லை. படலையில் நின்ற பெரியம்மா அந்தத் தலையையே வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணன்ர உடம்பு கிடைச்சிட்டுதோ, தம்பி?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓம் அண்ணி," என்றார் அப்பா.

பெரியம்மா புறங்கையால் பொட்டை அழித்தார். பிறகுதான் அழுதார். தெருவே கூடிவிட்டது.

எனக்கென்றால் பெரிய நிம்மதி. பேய் போய்விட்டது, அப்பா திரும்பி வந்துவிட்டார். ஆனால் அப்பா முப்பத்தொரு நாளும் செத்த வீட்டுத் துடக்குக் காத்து, கந்தோருக்குப் போகாமல் மூலையில் இருந்தார். அந்த வேலையும் போயிற்று. சொன்னது பொய்தானே, அதற்கு எதற்குத் துடக்கு என்று அம்மாவைக் கேட்டேன். அப்பாவும் அதுவரை தன் அண்ணனை மனதுக்குள் சாகவிட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.