நிறைந்துபோன மெயில் பெட்டி

பூட்டுக் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. ஆர்டரெல்லாம் மெயிலில்தான் என்பதால் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போதுதான், என்ன ஏதென்று தெரியாமல் அவரும் ஒப்புக்குச் சிரித்துவைப்பார்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே ஸ்டோர் கீப்பர் இதைக் கவனித்துவிட்டார். அன்று மூன்று மணிக்கு அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது: யார் என்ன சொன்னார், எதற்குச் சிரித்தார்கள், யார் மகள் பாஸானாள், கூடவே அவள் போட்டோ. மறுநாளும் வந்தது. பதினோரு வருஷமாக அது நிற்கவேயில்லை.

போன மாதம் மெயிலில் இடமில்லாமல் ஆர்டர்கள் திரும்பிப்போக ஆரம்பித்தன. பழையதை அழிக்க வேண்டும், இல்லையென்றால் புது சிஸ்டத்துக்கு மாற வேண்டும் என்றார் கம்ப்யூட்டர்காரர். எல்லோரும் முதலிலிருந்து பழக வேண்டுமே என்று முதலாளி ஒரு வாரம் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தடித்தார். யார் பெட்டி அதிக இடத்தை அடைக்கிறது என்று பட்டியல் எடுத்தால், முதல் பெயர் அக்காவுடையது.

முதலாளி கூப்பிடும் முன்பே அக்கா போய் நின்றார்.

"சார், ஆபீஸுக்குச் சம்பந்தமில்லாததெல்லாம் அதுல இருக்கு. அழிக்கச் சொன்னா அழிச்சிடறேன்."

முதலாளி அக்காவின் பெட்டியைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, பத்து. ஓரிடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். 'முதலாளி புதுச்சட்டையில் விலைச்சீட்டோடு வந்தார். மீட்டிங் முடியும்வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.'

ஒரு தாளில் எழுதி நீட்டினார்: "அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" அதன் கீழே: "ஒண்ணும் அழிக்க வேணாம். மாத்திடலாம்."

பிறகு கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டு, "பழசு மொத்தமும் வந்துடுமா?" என்று கேட்டார்.

"வந்துடும் சார். ரெண்டு நாள் மெயில் ஓடாது."

மெயில் ஓடாத இரண்டாம் நாளும், அன்றைய சாப்பாட்டு மேஜைப் பேச்சைப் பென்சிலால் எழுதிய தாளோடு ஸ்டோர் கீப்பர் அக்காவின் மேஜைக்கு வந்தார்.

"அண்ணே, இத்தனை வருஷத்துல உங்களுக்கு ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லையே!"

அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டு, அதே தாளின் மூலையில் கிறுக்கினார்: "முன்னெல்லாம் நான் சாப்பிட்டதும் தூங்கிடுவேம்மா. உனக்கு எழுதணுமேன்னுதான் மத்தவங்க பேசறதைக் கேக்கவே ஆரம்பிச்சேன்."

அக்கா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் புதுப் பெட்டி திறந்தது. பதினோரு வருஷமும் ஒன்று விடாமல் உள்ளே இருந்தது.