மாமியின் அறைக்குப் போகாத குளிர்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அதனால் ஏசி விற்ற கடைக்காரர் சொன்ன எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒரு அறைக்கு இது பெரிசு சேர், சின்னதே போதும்" என்றார் அவர். நான் சிரித்தேன். என் திட்டம் அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறை இருக்கிறது. சுவரின் உச்சியில் ஓட்டை போட்டு, ஒரு எக்ஸோஸ்ட் ஃபேனைப் பூட்டி, எங்கள் குளிரில் பாதியை அங்கே தள்ளிவிட்டால் ஒரு மெஷினில் இரண்டு அறை குளிரும். இதை ஏன் ஒருவரும் இதுவரை செய்யவில்லை என்று யோசித்தேன். மற்றவர்களுக்கு அவ்வளவு மூளை இல்லை என்று முடிவு செய்தேன்.

அந்த அறை என் மனைவியின் உம்மாவுக்கு. மாமி ஒவ்வொரு நோன்பு மாதமும் புத்தளம் டவுனில் மூத்த மகள் வீட்டில்தான் இருப்பார். அங்கே அறைக்கு அறை ஏசி. எங்கள் வீடு நுரைச்சோலைப் பக்கம், மணலுக்கு நடுவில். "ஒரு நோன்பாவது உம்மா என்ட வீட்டுல பிடிக்கணும்" என்பது மனைவிக்குப் பல வருட ஆசை. அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் கூரையைப் பார்ப்பேன். இந்த வருடம் கூரையைப் பார்க்காமல் ஏசியை வாங்கினேன்.

மாமியும் மனம் இரங்கினார். ஆனால் நிபந்தனையோடு. நோன்புக்கு முன் பத்து நாள் வந்து இருந்து பார்ப்பாராம்.

"வேர்த்தா மூத்தவட வீட்டுக்குப் போயிருவேன். கோவிக்கப்படாது" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

மேசன் பாஸ் வந்து ஓட்டை போட்டார். ஃபேனைப் பூட்டினோம். அதன் பிறகு நான் என் சொந்தக் கையால் செய்த வேலைதான் பெரிய வேலை. எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் கதவுக்குக் கீழால் மணல் வரும். எல்லா வீட்டிலும் பழைய சாரன் துணியைச் சுருட்டி இடுக்கில் வைப்பார்கள். நான் படித்தவன் அல்லவா, சாரனோடு நிற்கவில்லை. இரண்டு அறைக் கதவுகளுக்கும் சுற்றிவரப் பஞ்சு டேப் ஒட்டினேன். ஜன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரங்களைப் பொலித்தீனால் அடைத்தேன். குளிர் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. ஒரு எறும்பு உள்ளே வருவதானாலும் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தேன்.

மாமி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மேலே ஃபேன் இரைந்தது.

"மருமகன், அது என்ன சத்தம்?"

"குளிர் வாற சத்தம் மாமி."

"சத்தம் வந்துட்டு. குளிர் எங்க?"

முதல் நாள், சுவர் இன்னும் சூடாக இருக்கிறது என்றேன். இரண்டாம் நாள் அதைவிடப் பெரிய ஃபேனாகப் பூட்டினேன். இப்போது இரைச்சலும் பெரிதானது. மாமி புழுக்கம் தாங்காமல் கதவைத் திறப்பார். நான் ஓடிப்போய், "குளிர் போயிரும் மாமி" என்று மூடுவேன். போவதற்கு அங்கே குளிர் எதுவும் இருக்கவில்லை என்பதை மாமி தன் பார்வையாலேயே எனக்கு விளக்குவார். எங்கள் அறையோ குளிரில் விறைத்தது. நான் சுவெட்டர் போட்டுக்கொண்டு படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி காட்போட் மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அறையில் மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்: "ஏசில பிழை இல்ல. உங்கட உம்மாவுக்குத்தான் உடம்புச் சூடு."

சுவர் பதில் சொன்னது.

"என்ட உடம்புல ஒரு சூடும் இல்ல மருமகன். உங்கட மண்டையிலதான் ஈக்கு."

குளிர் போகாத ஓட்டையால் கதை மட்டும் ஒரு தடையும் இல்லாமல் போகிறது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஐந்தாம் நாள் அவளுடைய பொறுமை முடிந்தது. "இன்னும் அஞ்சு நாள்தான் ஈக்கு. உம்மா பேக்கைக் கட்டிலுக்கு மேல எடுத்து வெச்சிட்டாங்க" என்றாள். என்னிடம் கேட்காமலே மதுரங்குளியில் இருந்து ஏசி திருத்துபவரை வரச் சொல்லியிருந்தாள்.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். தாடி, கண்ணாடி, கொஞ்சம் தொந்தி. என்னைக் கண்டதும் ஹெல்மெட்டைக் கழற்றி, "அஸ்ஸலாமு அலைக்கும் சேர்! என்னைத் தெரியல்லியா? உங்கட கிளாஸ்" என்றார். என்னிடம் படித்தவன்! எனக்கு நிம்மதியாக இருந்தது. என் மாணவன் என்றால் என் பக்கம்தானே நிற்பான்.

அவன் மெஷினைத் திறக்கவேயில்லை. ஒரு ஷொப்பிங் பேக்கை நாடாவாகக் கிழித்து, மாமியின் அறையில் ஃபேனுக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டான். கதவுகளை மூடச் சொன்னான். ஃபேன் முழு மூச்சாக இரைந்தது. நாடா மட்டும் சோர்ந்துபோய்த் தொங்கியது. பிறகு இரண்டு அறைக் கதவுகளையும் விரியத் திறந்தான். நாடா எழும்பி வாலை ஆட்டியது. மாமி கழுத்தை நீட்டினார். "அல்லாவே, காத்து வருது!"

அவன் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தான். "சேர், ஏழாம் ஆண்டுல டின்பால் பாடம் ஞாபகமா? என்னை வாங்குல ஏத்தி வெச்சீங்களே."

ஞாபகம் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வந்தது. டின்பாலில் ஒரு ஓட்டை போட்டால் பால் ஊற்றுப்படாது; காற்று போய்வர மற்றப் பக்கத்திலும் ஒரு ஓட்டை வேண்டும். வருடா வருடம் வகுப்புக்கு டின்னைக் கொண்டுபோய்க் காட்டிய பாடம். இவனிடம் ஏன் இரண்டு ஓட்டை என்று கேட்டபோது, "ஒண்டு போதும் சேர், வாய வெச்சு உறிஞ்சலாம்" என்றான். பாடம் முடியும்வரை அவனை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தினேன்.

"இந்த அறையும் டின்தான் சேர்" என்றான். "உள்ளுக்கு ஈக்கிற சூட்டுக் காத்து திரும்பிப் போக வழி இல்ல. அது போனாத்தானே குளிர் வரும்? நீங்க எல்லா இடமும் அடைச்சு வெச்சீக்கீங்க. அதுவும் நல்ல வடிவா அடைச்சீக்கீங்க."

மாமி அந்த ஐந்து நாளில் முதல்தடவையாகச் சிரித்தார். "அப்ப இப்ப ஆரு வாங்குல ஏறணும்?"

மறுநாள் மேசன் பாஸ் மீண்டும் வந்தார். அதே சுவரில் கீழே, தரையோடு ஒட்டி, இன்னொரு ஓட்டை. நுளம்பு வராமல் ஒரு வலை. அவ்வளவுதான். மேலால் குளிர் போனது, கீழால் சூடு எங்கள் அறைக்குத் திரும்பி வந்தது, மெஷின் அதைப் பிடித்துக் குளிராக்கியது. பின்னேரம் மாமி போர்வை கேட்டார். நான் சுவெட்டரைக் கழற்றினேன்.

ஆனாலும் பத்தாம் நாள் காலையில் மூத்த மருமகனின் வேன் வாசலில் வந்து நின்றது. மாமி ஹோலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பேக் மடியில். மனைவி குசினி வாசலில் நின்றாள். கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அது காய்ந்த துணி.

"அறை குளிர்தானே மாமி?" என்றேன். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளையின் குரல் எனக்கு.

"குளிர்தான். மூத்தவட வீட்டுலயும் குளிர்தான்" என்றார் மாமி. "ஆனா அங்க எல்லாரும் கதவ மூடிட்டு உள்ளுக்குப் போயிருவாங்க. நாள் முழுக்க ஒரு கதை காதுல விழாது." மகளைப் பார்த்தார். "நேத்துப் பகல் நீங்க ரெண்டு பேரும் பள்ளிவாசல்துறைக் கலியாணக் கதை கதைச்சீங்களே. அந்த மாப்பிள்ளை ஓம் எண்டானா, இல்லியா? அதச் சொல்லாம நீங்க தூங்கிட்டீங்க. எனக்குத்தான் தூக்கம் இல்ல."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வேறு என்னென்ன கதைத்தோம் என்று அவசரமாக மனதில் கணக்கெடுத்தேன். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. கீழ் ஓட்டை மாமியின் தலைமாட்டுக்கு நேர் கீழே.

"வேனைத் திருப்பி அனுப்புங்க மருமகன்" என்று சொல்லி, மாமி பேக்கை மகளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்கு ஓடினாள், எங்கே உம்மா மனம் மாறிவிடுவாரோ என்று.

இப்போது நோன்பு பாதி முடிந்துவிட்டது. வீடு முழுக்கக் குளிர். நானும் மனைவியும் இரகசியம் ஏதும் கதைக்க வேண்டுமென்றால் பின்வளவில் தென்னைக்குக் கீழே சுடுமணலில் நின்று, வேர்க்க விறுவிறுக்கக் கதைக்கிறோம். நேற்றும் அப்படித்தான். இரண்டு வார்த்தை கதைப்பதற்குள் அறை ஜன்னல் திறந்தது.

"அங்க என்ன வெயிலுக்க?" என்றார் மாமி. "உள்ளுக்கு வந்து கதைங்களேன். நல்ல குளிராத்தானே ஈக்கு."