மாப்பிள்ளை பார்க்கப் போன சுடர்விழி

கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த சுடர்விழிக்குச் சிறு வயதிலேயே இரண்டு கால்களும் வலுவிழந்துவிட்டன. கைகள் மட்டும் எதற்கும் சளைக்காதவை. கிணற்றில் விழுந்த போன், டயரில் நசுங்கிய போன், பெண்டாட்டி தூக்கி எறிந்த போன் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும்.

அவளைப் பெண் பார்க்க மூன்று குடும்பங்கள் வந்து போயின. வந்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள். அவள் கால்களையே பார்த்தார்கள். "ஊருக்குப் போயிப் போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். ஒருவரும் பண்ணவில்லை.

"போன் ரிப்பேர் போல. கொண்டாந்திருந்தா நானே பாத்துக் குடுத்திருப்பேன்" என்பாள் சுடர்விழி.

போன வருடம் லீவில் வந்த அவள் அண்ணன் அருண்குமார், தோஹாவிலிருந்து ஒரு எலக்ட்ரிக் வீல்சேர் கொண்டுவந்தான். கொக்கியை இழுத்தால் பெரிய சூட்கேஸ் போல மடங்கும். கைப்பிடியில் இருக்கும் குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் போகும். கையால் சுற்றும் பழைய மூன்று சக்கர வண்டியைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது; இதை ஏற்றலாம். சுடர்விழி ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனாள். வேலை இல்லாத நாளில், பரோட்டா தின்ன ஆலங்குடிக்குப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் கட்டுமாவடியிலிருந்து நான்காவது வரன் வந்தது. பையன் பெயர் மலையாண்டி. மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடும் தொழில்.

"அவங்க வர வேணாம். நான் போறேன்" என்றாள் சுடர்விழி.

அம்மா செவந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொண்ணு போயி மாப்ள பாக்குறதா? ஊரு சிரிக்காதா?"

"நான் பொழங்கப்போற வீடும்மா. வண்டி உள்ள நொழையுதான்னு நாந்தான பாக்கணும்?"

துணைக்கு அண்ணி செங்கமலம் கிளம்பினாள். அறந்தாங்கியில் ஏறிய பஸ்ஸில், மடக்கி வைத்த வண்டியைக் காலால் தட்டிப் பார்த்தார் கண்டக்டர். "இதுக்கு லக்கேஜ் போடணும்மா."

"அது லக்கேஜ் இல்லைங்க, எங்க நாத்தனா காலு" என்றாள் செங்கமலம். "ஒங்க காலுக்கு டிக்கெட் போட்டீங்கன்னா இதுக்கும் போடுங்க."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு, வண்டி உருளாமல் இருக்கத் தன் பையை முட்டுக் கொடுத்தார்.

கட்டுமாவடியில் தார் ரோடு முடிந்த இடத்தில் மணல் ஆரம்பித்தது. சுடர்விழி துணிந்து வண்டியை அதில் விட்டாள். கொஞ்ச தூரத்திலேயே முன்சக்கரம் புதைந்தது. குச்சியைச் சாய்க்கச் சாய்க்க இன்னும் கீழே போனது. வலை பிரித்துக்கொண்டிருந்த நான்கு பேர் ஓடி வந்து, ஒன்றும் கேட்காமல் அவளோடு சேர்த்து வண்டியைத் தூக்கப் போனார்கள்.

"தொடாதீங்க! நான் என்ன மீன் கூடையா?"

அவர்கள் விலகி நின்றார்கள். அழுக்கு லுங்கியும் ஈரப் பனியனுமாய் ஒருவன் வந்தான். "தூக்கவா, தள்ளவாங்க?" என்று கேட்டான்.

இப்படிக் கேட்ட ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. "ரெண்டும் வேணாங்க. ரெண்டு பலகை கெடைக்குமா?"

அவன் பலகை கொண்டுவந்து போட்டான். அவள் ஏறி ஓட்டினாள். கடந்த பலகையை எடுத்து அவன் மறுபடி முன்னால் போட்டான். அப்படியே பாதித் தெரு போனதும், "யாரு வீட்டுக்குப் போறீங்க?" என்றான்.

"ஐஸ்கார மலையாண்டி வீட்டுக்கு."

அவன் பலகையைக் கீழே போட்டான். "நீங்க மத்தியானம்ல வாரதாச் சொன்னாக! நான் இன்னும் குளிக்கவே இல்லீங்களே!"

செங்கமலம் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

வீட்டில் மலையாண்டியின் அம்மா மீனம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பொண்ணு கொஞ்சங்கூட நடக்காதா?"

"நடக்க வராதுங்க அத்தை, ஓடத்தான் வரும். ராத்திரி சார்ஜ் போட்டாப் போதும்."

மீனம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் சுடர்விழி பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து வாசல், அடுப்படி என்று அளக்க ஆரம்பித்திருந்தாள். பாத்ரூம் கதவருகே போனதும் நின்றுவிட்டாள். வண்டி நுழைய நாலு விரல் அகலம் போதவில்லை.

திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மாப்ளையப் புடிச்சிருக்கு. பாத்ரூம் புடிக்கல."

"இடிச்சிருவோம்" என்றான் மலையாண்டி, தலை துவட்டிக்கொண்டே.

"கட்டி ஒரு வருசங்கூட ஆகலையேடா!" என்று அலறினாள் மீனம்மாள்.

இடித்தார்கள். வாசல் படியை மூடிச் சாய்தளமும் போட்டு, மலையாண்டி பெருமையாக வீடியோ அனுப்பினான். சுடர்விழி நேரில் வந்து பார்த்தாள். "இது ஏறுறதுக்கா, சறுக்கி வெளையாடவா?" என்றாள். அவன் கொத்தனாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, இன்னும் நீளமாக, சரிவைக் குறைத்துப் போட வைத்தான். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இப்போது கட்டுமாவடிக் கடைத்தெருவில் அவளுக்குக் கடை இருக்கிறது. உப்புத்தண்ணீர் குடித்த போன்களுக்குப் பஞ்சமே இல்லை. வீல்சேருக்கும் உப்புக்காற்று ஆகாது. வாரம் ஒருமுறை மலையாண்டி அதன் நட்டுகளைத் துடைத்து எண்ணெய் விடுகிறான்; எந்த நட்டு என்று அவள் சொல்லச் சொல்ல.

ஒரே ஒரு சங்கடம். கடையில் அவள் முக்காலிக்கு மாறி வேலையில் மூழ்கியதும் வெளியே நிற்கும் வண்டி காணாமல் போய்விடுகிறது. போன வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பலாம் என்று பார்த்தால் வண்டியைக் காணோம். மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, வண்டிய எங்கிட்டு கொண்டு போனீங்க?"

"முட்டி வலிக்குதுன்னு ரேசன் கடை வரைக்கும் வந்தேன் ஆத்தா" என்றாள் மீனம்மாள். "இந்தா வாரேன். நம்ம தெருக்காரி ஒருத்தி ஒரு ரவுண்டு போயிட்டுத் தாரேன்னு ஏறி ஒக்காந்தா. எறங்க மாட்டேங்குறா."